கட்டங்களுக்கு நடுவே நின்ற டாங்கு

புதிய அப்ளிகேஷனில் ஒர்க்ஃப்ளோ பில்டர் சேர்க்கும் வேலை உங்கள் மூன்று பேருக்கும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேன்டீனில் உங்களில் ஒருவர், "அது ஒண்ணுமில்ல, ரெடியா கிடைக்குது, எடுத்துச் சேர்த்துட்டா முடிஞ்சது" என்று சொன்னதும் காதில் விழுந்தது. உண்மைதான். வேலையின் வரிசையைப் படமாக வரையக் கட்டம், அம்புக்குறி, இழுத்து வைத்தால் தானே ஒட்டிக்கொள்வது, எல்லாம் இப்போது ரெடியாகவே கிடைக்கிறது. நாங்கள் அதையெல்லாம் கையால் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

இந்த மாதத்தோடு நான் வேலையை விட்டு நிற்கிறேன். கேக் வெட்டும்போது நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். நின்றுகொண்டு பேச எனக்குத் தெம்பில்லை. எழுதித் தந்துவிடுகிறேன், நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் செய்த வேலைகளில் பாதி மறந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. எங்கள் அலுவலகம் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் மூட்டை இறக்குவார்கள், மேலே நாங்கள் தும்மிக்கொண்டே வேலை செய்வோம். எங்களுக்கு இருந்த சில வாடிக்கையாளர்களில் ஒருவர் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் சாலையில் யார்டு வைத்திருந்தார். கப்பலில் ரசாயனம் ஏற்றிப் போகும் டாங்குகள், நீளவாட்டில் படுக்கவைத்த உருளைகள், அங்கே கழுவ வரும். முதல் கழுவு, இரண்டாம் கழுவு, அப்புறம் உள்ளே காற்று மனிதன் சுவாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று மீட்டர் விட்டுப் பார்ப்பது, அதற்கும் பிறகு ஓர் ஆள் மேல் வாய் வழியாக இறங்கித் துடைப்பது. கடைசியில் மூடி சீல் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். எந்த டாங்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று திரையில் காட்டுவதுதான் எங்கள் மென்பொருளின் வேலை.

இந்த வரிசையை நாங்கள் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தோம். யார்டில் ஏதாவது மாற்றம் என்றால் எனக்குத்தான் போன் வரும். அதுவும் சரியாக மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் வரும். ஒரு கட்டத்துக்கு முன்னால் இன்னொன்றைப் போட நான் மறுநாள் உட்கார்ந்து மாற்ற வேண்டும். அலுத்துப்போய்த்தான், அவர்களே படமாக வரைந்து மாற்றிக்கொள்ளும்படி ஒரு பகுதியைச் சேர்த்துவிடலாம் என்று எங்கள் டீம் லீடரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

யார்டு பொறுப்பாளர் பெருமாளுக்கு அதைக் காட்டிய நாள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. கட்டத்தை இழுக்கச் சொன்னால் அவர் மவுஸை மேசையிலிருந்து தூக்கி அந்தரத்தில் கொண்டுபோனார்.

"இன்னா மேடம், பொட்டி நவுரவே மாட்டேங்குது."

"தூக்காதீங்க சார், தேய்ச்சுக்கிட்டே கொண்டுபோங்க."

"முப்பது டன்னு பொட்டிய கிரேன்ல தூக்கறவன் நானு. இத்தூனூண்டு பொட்டி பேஜாரு பண்ணுது பாரு."

பின்னால் நின்றவர்களில் ஒருவன், குமார் என்று பெயர், கொருக்குப்பேட்டைக்காரன், "அண்ணே, அத்தயும் கிரேன்ல கட்டித் தூக்கவா?" என்றான். பெருமாள் அவனை அடிப்பதுபோல் கை ஓங்கினார். ஒரு வாரத்தில் அவருக்குக் கை பழகிவிட்டது. என் வீட்டுக்குப் போன் வருவது நின்றது.

அந்த யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் டாங்கின் எண் பச்சையாக மாறினால், ஆள் இறங்கலாம் என்று அர்த்தம். ஆனால் டாங்கின் மேல் ஏறுகிறவன் திரையைப் பார்ப்பதில்லை. ஆபீஸ் அறையில் இருப்பவர் திரையைப் பார்த்து, பச்சை பெயின்ட் அடித்த ஒரு தகரத் தகட்டை எடுத்துக்கொண்டு போய் டாங்கின் வாயில் மாட்டுவார். ஏறுகிறவனுக்கு அந்தத் தகடுதான் கணக்கு. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் வேலையோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்ததில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. காலையில் பெருமாள் கூப்பிட்டார். நல்ல உற்சாகம்.

"மேடம், நானே மாத்திட்டேன். ஒங்களாண்ட கேக்கவேயில்ல."

"என்ன சார் மாத்துனீங்க?"

"மீட்டர் பாக்கறவரு சனிக்கிழமைல காலைல வந்துட்டு ஓடிடறாரு. மத்தியானம் டாங்கெல்லாம் க்யூ கட்டிகினு நிக்குது. அதான் மீட்டர் பொட்டிய இஸ்து ரெண்டாங் கழுவுக்கு முன்னாடி வெச்சிட்டேன். மொதல் கழுவு, மீட்டரு, ரெண்டாங் கழுவு, அப்பால ஆளு. கழுவத்தானே போறோம், இன்னும் சுத்தமாத்தானே ஆவும்?"

அவர் முட்டாள் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எல்லாக் கட்டமும் படத்தில் இருந்தது, ஒன்றும் குறையவில்லை. "சூப்பர் சார்" என்றேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே பேசினேன். அன்று அவள் பள்ளியில் மருத்துவ முகாம்.

ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி அது. பெரிய ஹாலில் மேசைகள் போட்டிருந்தார்கள். முதலில் எடை, அடுத்து கண், பிறகு பல். முடிந்தால் ஒரு அட்டையும் பிஸ்கட் பாக்கெட்டும். என் பக்கத்தில் ரோஸ்மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் ஷீபாவும் என் மகளும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கு வருகிறவர்கள். அவள் கணவன் ஸ்டீபன் அந்த யார்டில்தான் டாங்குக்குள் இறங்கித் துடைக்கும் வேலை பார்த்தான். உண்மையில் அந்த யார்டுக்காரரைப் பற்றி எங்களுக்குச் சொன்னதே ஸ்டீபன்தான்.

"அவர் வரலையா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா வர்றது? கப்பலு நிக்குதாம், சாயங்காலத்துக்குள்ள டாங்கு போயாவணுமாம். இன்னிக்கு எறங்கறாரு. நேத்து பூரா கரண்ட் இல்ல, கம்ப்யூட்டரு இல்ல, அப்பயும் வேல நிக்கல. தகடு தொங்குச்சா, எறங்கிட வேண்டியதுதான்னு சொல்லிகினு இருந்தாரு."

அந்த நேரத்தில் பெரிய சிஸ்டர் வந்து கண் மேசையைத் தூக்கி வாசல் பக்கம் போடச் சொன்னார். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது, முதலில் கண், பிறகு எடை, பிறகு பல் என்றார். மேசை நகர்ந்தது. வரிசை அப்படியே போய்க்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஷீபா அட்டையும் பிஸ்கட்டுமாக ஓடிவந்தாள்.

ரோஸ்மேரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, கண்ணு பாக்கவேயில்ல?"

"நான் எடை பாத்துட்டு நின்னேன்மா. நேரா பல்லாண்ட போவச் சொல்ட்டாங்க."

"பாருக்கா கூத்த. மேசைய முன்னாடி தூக்கிப் போட்டாங்க, நடுவுல நின்ன புள்ளைங்கள யாரும் கேக்கல. அட்டையில மட்டும் எல்லாம் முடிஞ்சிதுன்னு சீல் போட்டுக் குட்துட்டாங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் காலையில் வந்த போன் ஞாபகம் வந்தது.

காலையில் பெருமாள் கட்டத்தை இழுத்தபோது யார்டில் ஏதாவது ஒரு டாங்கு இரண்டாம் கழுவில் நின்றிருந்தால்? பழைய படத்தில் அதற்கு அடுத்தது மீட்டர். புதிய படத்தில் அடுத்தது ஆள். மீட்டர் அதற்குப் பின்னால் போய்விட்டது. நான் எழுதிய நிரல் பின்னால் திரும்பிப் பார்க்காது. நிற்கிற கட்டத்தைப் பார்க்கும், அம்புக்குறி காட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். இரண்டாம் கழுவு முடிந்ததும் பச்சை.

டாங்குகளில் சில நைட்ரஜன் நிரப்பி வரும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தொண்டை கமறாது. சுவாசிக்க வேண்டிய காற்று மட்டும் உள்ளே இருக்காது. அதனால்தான் மீட்டர்.

யார்டுக்குப் போன் செய்தேன். பிஸி. அங்கே இருந்தது ஒரே லைன், அதில்தான் இணையமும் ஓடியது. எங்கள் திரையைத் திறந்து வைத்திருக்கும்வரை யாரும் அவர்களைக் கூப்பிட முடியாது. பெருமாளின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. நெருப்புப் பொறி பயம் என்று யார்டுக்குள் போகும்போது எல்லாரும் செல்போனை வாசல் கேட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அலுவலகத்தில் இருந்த தோழனைக் கூப்பிட்டேன். சர்வர் எங்களிடம்தான் இருந்தது.

"யார்டு அப்ளிகேஷனை நிறுத்திடு. இப்பவே."

"ஓனர் கத்துவாரே. கப்பல் இருக்குன்னு காலையிலயே…"

"நிறுத்து. நான் பதில் சொல்றேன்."

நிறுத்திவிட்டான். எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. ரோஸ்மேரி சற்று முன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கரண்ட் இல்லாமலே நேற்று வேலை நடந்திருக்கிறது. நான் திரையைத்தான் அணைத்திருந்தேன். தகரத் தகட்டை என்னால் இங்கிருந்து அணைக்க முடியாது. மாட்டிய தகடு மாட்டியபடியே தொங்கும். இப்போது திரையும் இல்லாததால், அதைச் சந்தேகப்பட அங்கே யாருக்கும் ஒரு காரணம்கூட இல்லை. மறுபடி அடித்துப் பார்த்தேன், யார்டு லைன் இன்னும் பிஸிதான்.

"இன்னாக்கா? மூஞ்சி ஏன் இப்பிடி ஆய்டுச்சி?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னால் இவள் இங்கேயே விழுந்துவிடுவாள் என்று பயம். சொல்லிவிட்டேன். மீட்டர் பார்க்காத டாங்கில் பச்சை தொங்கலாம், ஸ்டீபன் அதில் இறங்கலாம், போன் கிடைக்கவில்லை என்று நான்கே வார்த்தையில்.

அவள் விழவில்லை. கையை நீட்டினாள். "போனக் குடு."

யார்டு எதிரே ஒரு டீக்கடை, அதில் ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போன். யார்டு ஆட்களின் வீட்டுக்காரிகள் எல்லாரும் அந்த நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"நைனா, நான் ஸ்டீபன் வூட்ல இருந்து பேசறேன். ஜல்தியா உள்ள ஓடிப் போயி அவர இட்டுகினு வா. பாப்பா ஸ்கூல்ல மயக்கம் போட்டு வுழுந்துட்சின்னு சொல்லு. ஒடனே வரணும்னு சொல்லு. லைன வெச்சிடாத, அப்பிடியே கீழ வெச்சிட்டு ஓடு."

ஷீபா பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ம்மா, நான் நல்லாத்தானே கீறேன்?"

"நீ சும்மா கெட."

மீட்டர், நைட்ரஜன், கட்டம் என்று நான் டீக்கடைக்காரரிடம் விளக்கியிருந்தால் அவர் கடையைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார். ரோஸ்மேரிக்கு அது தெரிந்திருந்தது. காத்திருந்தோம். போனில் லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. என் மகள் வந்து என் மடியில் சாய்ந்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்ததில், வலிக்கிறது என்று இழுத்துக்கொண்டாள்.

பிறகு டீக்கடைக்காரர் குரல் வந்தது. போனைக் காதில் வைத்திருந்தது ரோஸ்மேரிதான், ஆனாலும் எனக்கும் கேட்டது. "சொல்ட்டம்மா. ஏணில ஏறிகினு இருந்தான். எறங்கி ஓடியாறான்."

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு, பெருமாளிடம் நேரில் விளக்கலாம் என்று ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். நான் பதறவில்லை. ஸ்டீபன் வெளியே வந்துவிட்டான், ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை நிரலில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்றுகூட மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

யார்டுக்குள் நுழைந்தபோது ஒரு டாங்கைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். தரையில் குமார் கிடந்தான். இடுப்பில் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. ஒருவன் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். பெருமாள் கையில் அந்தத் தகடு. எதற்குக் கழற்றினார், எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஸ்டீபன் கொழந்தைக்கு இன்னமோன்னு ஓடிட்டான் மேடம். கப்பலு நிக்காது. குமார எறக்குனேன். பச்சதான் தொங்குச்சி. பச்சதான் மேடம் தொங்குச்சி."

கயிறு பிடித்திருந்தவன், உள்ளேயிருந்து பேச்சு நின்றதும் இழுத்திருக்கிறான். அதனால் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கப் பல நாளானது. பிழைத்தான். ஆனால் காற்றில்லாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் ஏதோ போய்விட்டது. பேசுவான், பாதியில் எதைப் பற்றிப் பேசினோம் என்பது போய்விடும். இப்போதும் கொருக்குப்பேட்டையில் அவன் அம்மாவின் இட்லிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். நான் போனால் சில நாள் அடையாளம் தெரியும். "கிரேன்ல தூக்கவா மேடம்?" என்பான். சில நாள் என்னை யாரென்றே தெரியாது.

விசாரணை நடந்தது. திரையில் இருந்த படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எல்லாக் கட்டமும் சரியாக இருந்தது. பெருமாளும், தகடு மாட்டியவரும், கயிறு பிடித்தவனும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். படத்தை மாற்றினால் நடுவில் நிற்கும் டாங்கு என்ன ஆகும் என்று நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். பிஸ்கட் பாக்கெட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் டீம் லீடர் எழுந்து வந்து மீதியை நகர்த்தி முடித்தார். வெளியே வந்ததும் அவர் ஒன்றுதான் சொன்னார்: "இதைத் திருத்தறதுக்கு முன்னாடி ஒரு வாரம் யார்டுல போய் உட்கார்ந்துட்டு வா." போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் திருத்தியது இதுதான். படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மாற்றும்போது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட டாங்கு எதுவாக இருந்தாலும், அது தான் கிளம்பிய பழைய வழியிலேயே போய் முடிக்கும். புதிய படம் புதிதாக வருகிற டாங்குக்கு மட்டும். அவசரமாக நடுவில் நிற்பதையும் மாற்றியே ஆகவேண்டும் என்றால், சேமிப்பதற்கு முன் திரை நிற்கும். எந்தெந்த டாங்கு எங்கே நிற்கிறது என்று காட்டும். ஒருவர் நடந்து போய் அந்த டாங்கின் தகட்டைக் கழற்றி எடுத்து வந்து, அதில் நாங்கள் புதிதாக எழுதிவைத்த எண்ணைத் திரையில் அடித்தால்தான் மேலே போகும். பெருமாள் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொல்லவில்லை. மவுஸை அவர் அதற்குப் பிறகு அதிகம் தொடவில்லை.

நீங்கள் எடுத்துச் சேர்க்கப்போகிற ரெடிமேட் பொருளில் இது எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதன் விளம்பரப் படத்தில் எப்போதும் ஒரே ஒரு விண்ணப்பம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அழகாகப் போகும். யாரும் நடுவில் நிற்க மாட்டார்கள். உங்கள் அப்ளிகேஷனில் எந்நேரமும் யாராவது நடுவில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். லீவு விண்ணப்பமாக இருக்கலாம், மருந்து அனுமதியாக இருக்கலாம். அது என்னவென்று கட்டத்துக்குத் தெரியாது. 'நிறுத்து' என்று ஒரு பட்டன் வைத்தால், அதை அழுத்தியபின் உண்மையில் எது நிற்கிறது என்று அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரை அணைந்தால் வேலையும் நின்றுவிட்டது என்று நான் அன்று ஒரு ஹாலில் உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஆபீஸ் போய்ச் சேர்ந்தாயா என்று தினமும் கேட்கிறேன். அவள் அலுத்துக்கொள்கிறாள். ஷீபாவுக்கு மறு வருடம்தான் கண்ணாடி போட்டார்கள். அதுவரை போர்டில் எழுதியது தெரியாமலே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

ஸ்டீபன் அதற்குப் பிறகு டாங்கில் இறங்கவில்லை. குமார் அவனுடைய தோஸ்து, ஒன்றாக கேரம் ஆடுகிறவர்கள். அன்று பள்ளிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தவன், மகள் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் அழுதானாம். மாலையில் குமார் விஷயம் தெரிந்த பிறகு மனைவியிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அவளும் அதன் பிறகும் பார்த்துக்கொள்வோம், குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். வருடங்கள் கழித்து ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எதையோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"யக்கா, டீக்கடைக்காரராண்ட அவர மட்டும் கூப்டச் சொன்னேன் பாரு. கூடவே, யாரையும் உள்ள வுடாதன்னு ஒரு வார்த்த சேத்து சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல."

மீன்காரி கொடுத்த பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"பக்கத்துலதான குந்திகினு இருந்த. ஒனக்குந் தோணல."